காற்று 8 நாட்தான், ஆனாலும் கள்ளக்கடல் எச்சரிக்கை: பொழிமுகம் கடக்க எதைப் பார்ப்பது?

கேள்வி: கரைவள்ளம்

குமரி மாவட்டம், மேற்குக் கரை. ஆற்றுப் பொழியை (ஆறு கடலில் சேரும் வாய்) ஒட்டிய துறை. முகத்தில் மணல் திட்டு இருக்கு. வற்றம் (கடல்மட்டம் இறங்குவது) முடியும் நேரத்தில் திட்டின் மேல் இரண்டரை மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். 28 அடி ஃபைபர் வள்ளம், 9.9 எச்பி அவுட்போர்டு, மண்ணெண்ணெய் ஓட்டம். விடியற்காலையில் வெளியே போய் மத்தியானம் திரும்புகிற தொழில்.

நாளைக்கான முன்னறிவிப்பு இது: காற்று மேற்கிலிருந்து 8 நாட் (மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர்). மொத்த அலை உயரம் 1.1 மீட்டர். பிரித்துப் பார்த்தால் காற்றலை 0.5 மீட்டர், ஸ்வெல் (தொலைதூரப் புயலிலிருந்து வரும் நீண்ட அலை) 1.0 மீட்டர், அதன் முகடுகளுக்கு இடையே இடைவெளி 17 நொடி, திசை 200 டிகிரி. இதற்கு இன்காய்ஸ் (கடல்நிலையை முன்னறிவிக்கும் மத்திய அரசு மையம்) நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது உள்ளூரில் காற்று இல்லாமலே ஸ்வெல் வந்து கரையேறும் என்ற எச்சரிக்கை, கொடுத்திருக்கிறது. நாளை இரவு 11.30 வரை என்று போட்டிருக்கு.

ஒன்றரை மீட்டர் காற்றலையில்கூட இந்தத் துறையிலிருந்து வள்ளங்கள் போய் வருவது வழக்கம். அப்படியிருக்க 1.1 மீட்டருக்கு எச்சரிக்கை ஏன்? போவதென்றால் திட்டை ஏற்றத்தில் கடப்பதா, வற்றத்திலா? எச்சரிக்கை 11.30-க்கு முடிந்தால் 12 மணிக்குக் கிளம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: அலைமானி

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்கிற வள்ளம், நீங்கள் சொல்கிற திட்டு, 17 நொடி ஸ்வெல், மூன்றும் சேர்ந்தால் நாளை போக வேண்டாம். காரணம் உயரத்தில் இல்லை, அந்த 17 நொடியில் இருக்கிறது.

மொத்த அலை உயரம் என்பது இரண்டையும் அப்படியே கூட்டிய எண் அல்ல. இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது. 1.0, 0.5 இரண்டுக்கும் அது 1.1 மீட்டர். ஆறு நொடிக் காற்றலை மட்டும் இருந்து 1.1 என்று வந்தாலும் திரையில் அதே எண்தான் தெரியும். ஆனால் திட்டின்மேல் இரண்டும் நடந்துகொள்கிற விதம் வேறு.

ஆழ்கடலில் அலையின் நீளம் நொடியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 6 நொடி அலைக்கு 56 மீட்டர். 17 நொடி அலைக்கு 450 மீட்டர். நடுக்கடலில் 450 மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் ஏற்றத்தாழ்வு வள்ளத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். கடல் தட்டையாக இருக்கிறது என்றே தோன்றும். அந்த நீளம் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் சுருங்கி, உள்ளே இருக்கிற சக்தி முழுவதும் உயரமாக மாறுகிறது.

கடற்கரைப் பொறியியலில் பயன்படுத்துகிற சூத்திரப்படி கணக்குப் போட்டால், ஆழ்கடலில் 1 மீட்டராக இருக்கும் 6 நொடி அலை உடையும்போது சுமார் 1.25 மீட்டர். அதே 1 மீட்டர் 17 நொடியாக இருந்தால் உடையும்போது 1.9 மீட்டர். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். அதாவது முதல் அலை உடைய 1.6 மீட்டர் தண்ணீர் வேண்டும். உங்கள் இரண்டரை மீட்டர் திட்டை அது உடையாமலே தாண்டிப் போய்விடும். இரண்டாவது அலை உடைகிற ஆழம் 2.45 மீட்டர். சரியாக உங்கள் திட்டின் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்னறிவிப்பில் வருகிற உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைவிடப் பெரிய அலை கட்டாயம் வரும். கூட்டமாக வரும்போது ஒன்றரை மடங்கு அலை வருவது சாதாரணம். இரண்டு மடங்கை நெருங்குவதும் உண்டு. ஆழ்கடலில் 1.5 மீட்டராக இருக்கும் 17 நொடி அலை 3.4 மீட்டர் ஆழத்திலேயே, 2.6 மீட்டர் உயரத்துக்கு எழும்பி உடையும். 28 அடி வள்ளத்துக்கு அது என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கரையிலிருந்தே நொடியை அளந்து பார்க்கலாம். முகத்துக்கு வெளியே ஏதாவது மிதவையையோ பாறையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகடு அதைத் தொடும்போது ஆரம்பித்து, அடுத்த பத்தாவது முகடு தொடும்வரை நேரம் பிடித்து பத்தால் வகுக்கவும். ஒரு நிமிடத்தில் முடிந்தால் காற்றலை. இரண்டரை, மூன்று நிமிடம் பிடித்தால் தென் சமுத்திரத்திலிருந்து வந்த ஸ்வெல். காற்றே இல்லாத காலையில் இந்த எண் 15-க்கு மேல் போனால், உயரம் 0.4 மீட்டர்தான் இருந்தாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட அலை முதலில், தாழ்வாக வந்துசேரும். பெரியது பின்னால் வந்துகொண்டிருக்கும்.


பதில் 2: ஓதக்கணக்கு

அலைமானி சொன்னது சரி. ஏற்றவற்றம் பக்கத்தை நான் சொல்கிறேன்.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. அதனால் பலர் அட்டவணையையே பார்ப்பதில்லை. இரண்டரை மீட்டர் திட்டில் 70 சென்டிமீட்டர் என்பது கால்வாசித் தண்ணீர். அது சின்ன விஷயமில்லை.

உயரத்தைவிட ஓட்டம்தான் முக்கியம். வற்றத்தில் பொழியிலிருந்து தண்ணீர் வெளியே பாய்கிறது, அலை எதிரே உள்ளே வருகிறது. எதிர் ஓட்டத்தில் அலையின் நீளம் குறுகும், முகம் செங்குத்தாகும், இன்னும் வெளியிலேயே உடைய ஆரம்பிக்கும். ஏற்றம் முடிந்து மூன்றாவது மணி நேரத்தை ஒட்டி இந்த ஓட்டம் உச்சத்தில் இருக்கும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொண்டால் நாள் முழுக்க வெளியோட்டம்தான். அப்போது அட்டவணை பார்த்துப் பிரயோசனமில்லை.

ஆகவே திட்டைக் கடக்க நல்ல நேரம் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரமும், தண்ணீர் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரமும். ஒரு பொறி இருக்கு: அட்டவணை சொல்வது கடல்மட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம், ஓட்டம் திரும்பும் நேரம் அல்ல. பொழியின் வாய் குறுகலாக இருந்தால் வெளியே வற்றம் முடிந்து கடல் ஏற ஆரம்பித்த பிறகும் உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு மணி நேரம் வரைகூட வெளியே ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் மட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தூத்துக்குடி அட்டவணையைக் குமரி மேற்குக் கரைக்கு அப்படியே எடுக்கக் கூடாது. இன்காய்ஸ் தளத்தில் கரையோர இடங்களுக்குத் தனித்தனியாக ஏற்றவற்றக் கணிப்பு கிடைக்கிறது. உங்களுக்குப் பக்கத்து இடத்தை எடுங்கள். மேலும் இங்கே ஒரு நாளின் இரண்டு ஏற்றமும் சம உயரத்தில் வராது. காலை ஏற்றம் 0.9 என்றிருந்து மாலை ஏற்றம் 0.6 என்றிருக்கலாம். "ஏற்றம்" என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் மீட்டரையும் பாருங்கள்.

கைக்கணக்கு வேண்டுமென்றால்: உங்கள் துறையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் விழும். அதை ஒருமுறை குறித்துக்கொண்டு, அடுத்து வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 நிமிடம் சேர்த்தால் போதும். பெரிய ஏற்றம் விழுவது அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து.

ஆனால் உங்கள் கேள்விக்கு இது மட்டும் பதிலாகாது. திட்டில் 2.5-ஓடு 0.7 சேர்த்தால் 3.2 மீட்டர். அலைமானி கணக்கில் கூட்டத்தின் பெரிய அலை 3.4 மீட்டரிலேயே உடைகிறது. ஏற்றம் ஆபத்தைக் குறைக்கும், எடுத்துவிடாது.


பதில் 3: தூண்டில்வளைவு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு "ஏற்றம் நல்லது" என்று யாரும் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். கரைக்கு அது நேரெதிர். கள்ளக்கடலில் வீட்டு வாசல்வரை தண்ணீர் வருவது ஏற்ற நேரத்தில்தான். ஸ்வெல் உச்சமும் பௌர்ணமி ஏற்றமும் ஒரே மணியில் விழுந்தால் தடுப்புச் சுவரைத் தாண்டும்.

வள்ளத்தை வழக்கமான இடத்தில் ஏற்றி வைத்தால் போதாது. நீண்ட அலை கரையில் ஏறுகிற தூரமும் அதிகம். தூண்டில் வளைவுகளுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகள்) இடையில் வைத்திருக்கிற வள்ளங்கள்தான் முதலில் ஒன்றோடொன்று மோதும், ஏனென்றால் தண்ணீர் அந்தப் பைக்குள் குவிகிறது. எஞ்சினைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். மடியையும் வலையையும் வள்ளத்தில் விடாதீர்கள். தண்ணீர் இழுத்துப் போனால் மணலில் புதைந்துவிடும்.

துறைமுகத்துக்குள் கட்டியிருந்தால் இன்னொரு தொல்லை. 17, 18 நொடி அலை அலைதடுப்புச் சுவரைச் சுற்றி வளைந்து உள்ளே வந்துவிடும். உள்ளே அலையாகத் தெரியாது. வள்ளம் முன்னும் பின்னும் ஊசலாடும். குட்டைக் கயிற்றில் இறுக்கிக் கட்டியது அறுந்துபோகும். கயிற்றை நீளமாக விட்டு, கல்லில் உரசுகிற இடத்தில் பழைய ரப்பர் குழாயை மாட்டி, வள்ளங்களுக்கு இடையே இடம் விட்டு, பக்கத்துக்கு இரண்டு டயராவது தொங்கவிடவும்.

குளிக்கிறவர்களுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும் யாராவது சொல்லுங்கள். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐந்தாறு நிமிடம் கடல் அமைதியாகக் கிடக்கும். பிறகு அலைக்கூட்டம் வந்து முழங்கால் தண்ணீரில் நிற்பவரை வாரிக்கொண்டு போகும். எட்டிப் பார்த்துவிட்டு "இன்றைக்குக் கடல் சும்மாத்தான் இருக்கு" என்று சொல்ல ஐந்து நிமிடப் பார்வை போதவே போதாது.


கரைவள்ளம்:

விளக்கத்துக்கு நன்றி அண்ணன்மாரே. நாளை தொழில் இல்லை என்று முடிவு செய்தாயிற்று, வள்ளத்தையும் மேலே ஏற்றுகிறோம். இரண்டு சந்தேகம் பாக்கி. 11.30 கணக்கு ஒன்று. மற்றது, வெளியே இருக்கும்போதே ஸ்வெல் வந்துவிட்டால் திட்டைக் கடந்து உள்ளே வருவது எப்படி?


பதில் 4: அலைமானி

11.30 விஷயம். கணினி மாதிரிகள் கிரீன்விச் நேரத்தில், மூன்று மணி நேரப் படியில் ஓடுகின்றன. கிரீன்விச் 18 மணி நமக்கு இரவு 11.30, 0 மணி நமக்கு விடியற்காலை 5.30. எச்சரிக்கைகளில் 5.30, 8.30, 11.30 என்றே பெரும்பாலும் வருவது அதனால். அந்த நிமிடத்தில் கடல் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடங்குகிற விதத்தையும் கணக்கிடலாம். 20 நொடி அலையின் சக்தி மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 14 நொடி அலை 39 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 40 டிகிரி தெற்கு அட்சரேகைப் பக்கம் அடித்த புயலிலிருந்து நமக்கு 5,500 கிலோமீட்டர் என்று வைத்தால், முதல் அலை நான்கு நாளில் வரும், 14 நொடி அலை ஆறாவது நாளை ஒட்டி வரும். ஒரே புயலின் அலை ஒன்றரை, இரண்டு நாள் நீடிப்பது இதனால்தான். நாள் போகப் போக 18, 17, 16, 15 என்று நொடி இறங்கிக்கொண்டே வரும். அது 12, 13-க்கு வந்து, உயரமும் சேர்ந்து குறைந்தால்தான் முடிந்தது. நடுவில் மறுபடி 18-க்குத் தாவினால் பின்னால் இன்னொரு புயலின் அலை வருகிறது என்று அர்த்தம். ஏப்ரல், மே மாதங்களில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவது உண்டு.

விண்டி போன்ற செயலியில் பார்க்கிறவர்கள் "வேவ்ஸ்" மட்டும் பார்த்து நிறுத்தாமல் "ஸ்வெல்", "ஸ்வெல் 2" இரண்டையும் திறந்து பாருங்கள். திசைக் குழப்பமும் நிறையப் பேருக்கு வருகிறது. காற்றும் அலையும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறிப்பார்கள். நீரோட்டத்தை எந்தத் திசைக்குப் போகிறது என்று குறிப்பார்கள். 200 டிகிரி ஸ்வெல் என்றால் தெற்கு, கொஞ்சம் மேற்கிலிருந்து வருவது. நம் கரை தென்மேற்கைப் பார்த்து நிற்பதால் அதைத் தடுக்க நடுவில் எதுவும் கிடையாது.


பதில் 5: பொழிமுகம்

உள்ளே வருவதைப் பற்றி.

திட்டின் மேல் இரண்டரை மீட்டர் தண்ணீரில் அலை ஓடுகிற வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது ஒன்பதரை நாட். 9.9 எச்பி எஞ்சின், மீனும் ஐஸும் ஏற்றிய வள்ளத்தை 6, 7 நாட்டுக்கு மேல் தள்ளாது. ஆகவே அலையின் முதுகில் ஏறிக் கூடவே வந்துவிடலாம் என்ற எண்ணம் இந்த வள்ளத்துக்குப் பொருந்தாது. பின்னால் வருகிற அலை கட்டாயம் உங்களைப் பிடிக்கும். பிடிக்கும்போது பின்புறத்தைத் தூக்கும், அணியம் (வள்ளத்தின் முன்முனை) தண்ணீருக்குள் குத்தும், வள்ளம் பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை கவிழ்க்கும். முகங்களில் கவிழ்கிற வள்ளங்களில் பெரும்பாலானவை வெளியே போகும்போது அல்ல, உள்ளே வரும்போதே கவிழ்கின்றன.

ஆகையால் வேகத்தை நம்பாமல் இடைவெளியை நம்ப வேண்டும். ஏழெட்டு மீட்டர் ஆழத்தில், உடைகிற கோட்டுக்கு வெளியே அணியத்தைக் கடலுக்குக் காட்டி நில்லுங்கள். குறைந்தது இருபது நிமிடம் பாருங்கள். 17 நொடி அலைகள் ஐந்தாறு சேர்ந்து ஒரு கூட்டமாக வந்தால் அது ஒன்றரை நிமிடம். பிறகு ஒரு தணிவு வரும். இருபது நிமிடத்தில் எத்தனை கூட்டம் வந்தது, மிகக் குறைந்த தணிவு எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டின் நீளம் 150 மீட்டர் என்றால் 6 நாட் வேகத்தில் கடக்க 50 நொடி. எதிரே ஓட்டம் 2 நாட் இருந்தால் 73 நொடி. உங்கள் மிகக் குறைந்த தணிவு இதைப்போல இரண்டு மடங்காவது இல்லாவிட்டால் முயற்சி செய்யாதீர்கள். இருந்தால், கூட்டத்தின் கடைசி அலை உங்களைத் தாண்டிய உடனே அதன் பின்னாலேயே கிளம்பி, நடுவில் தயங்காமல் போக வேண்டும். பாதியில் மனம் மாறித் திருப்புவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

கிளம்பும் முன் எஞ்சின் வேலைகள். மண்ணெண்ணெய் ஓட்டத்தில் முகத்துக்குள் நுழையாதீர்கள்; வெளியே நிற்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். எரிபொருள் மாறுகிற நேரத்தில் எஞ்சின் திணறும், அது திட்டின் மேல் நடக்கக் கூடாது. நுரைத் தண்ணீரில் புரொப்பல்லர் பிடிமானம் இல்லாமல் சுழலும், சத்தம் திடீரென ஏறும். அப்போது ஆக்சிலேட்டரைச் சற்றுக் குறைத்துப் பிடி கிடைத்ததும் கூட்டுங்கள், பயந்து முழுக்கத் திருகினால் ஒன்றும் நடக்காது. கில் சுவிட்ச் (இழுத்தால் எஞ்சினை நிறுத்துவது) கயிறு ஓட்டுகிறவர் மணிக்கட்டில் இருக்கட்டும். வலை முழுவதையும் நடுவில் குவித்து மேலே கயிறு போட்டுக் கட்டுங்கள். அலையில் அலசி வெளியே விழுந்த வலை முதலில் போய்ச் சுற்றுவது புரொப்பல்லரைத்தான். ஐஸ் பெட்டி நடுவிலிருந்து சற்றுப் பின்னால். அணியத்தில் ஆள் உட்கார வேண்டாம். லைஃப் ஜாக்கெட் வள்ளத்தில் கிடந்தால் போதாது, எல்லாரும் மாட்டியிருக்க வேண்டும். நங்கூரம் அணியத்தில், கயிறு சிக்கலில்லாமல் சுருட்டி, கை எட்டுகிற இடத்தில்: எஞ்சின் நின்றால் அதை உடனே போட்டு, ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது கயிறு விட்டால் வள்ளம் அலைக்கு முகம் காட்டி நிற்கும்.

இத்தனையும் செய்தாலும் சில நாள் முகம் திறக்காது. அப்போது வெளியே ஏற்றம்வரை காத்திருங்கள், அல்லது வாய் ஆழமான வேறு துறைக்குப் போங்கள். சின்னமுட்டமோ விழிஞ்ஞமோ போகிற அளவுக்கு உபரி எரிபொருள் ஏப்ரல், மே மாதங்களில் வள்ளத்தில் இருந்தே ஆக வேண்டும். உபரிக் கேன் இல்லாத வள்ளத்துக்கு முகத்தைவிட்டால் வேறு வழி கிடையாது.


பதில் 6: மன்னார்க்கரை

குமரிமுனைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரியதாழை, மணப்பாடு பக்கம் தெற்கத்தி ஸ்வெல் நன்றாகவே வரும். வடக்கே போகப் போகக் குறையும். ராமர் பாலத்துக்கு அப்பால் பாக் நீரிணைப் பக்கம் இந்த அலை வராது. அங்கே வாடைக்காற்று எழுப்புகிற மூன்று, நான்கு நொடிக் குட்டை அலைதான் பிரச்சினை, அதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. காற்றைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று எச்சரிக்கையை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் அறிக்கையில் பாருங்கள். அதில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்று வந்தால் 24 முதல் 30 நாட். செயலியில் நாட்டில் பார்த்துப் பழகியவர்கள் 1.85-ஆல் வகுத்துக்கொள்ளவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்வெல்லைவிட இந்த அறிக்கைதான் முக்கியம்: 2017-இல் ஒக்கி நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்து மறுநாளே குமரிக்கு அருகில் புயலாக மாறியது. பல நாள் தங்கலுக்குப் போகிறவர்கள் கைப்பேசிச் சிக்னல் எல்லையைத் தாண்டியதும் இரண்டாவது அறிக்கை கிடைக்காது. ஜெமினி கருவி வைத்திருந்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வந்து புளூடூத்தில் கைப்பேசிக்கு இறங்கும். ஆனால் அதில் நீங்கள் திருப்பி எதுவும் அனுப்ப முடியாது. ஆபத்துக்கு விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் சேனல், சிக்னல் எல்லைக்குள் என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.


கரைவள்ளம்:

திட்டின் நீளத்தை அளந்தது இல்லை. ஸ்வெல் அடங்கிய பிறகு ஏற்றம் நிற்கிற நேரத்தில் ஜிபிஎஸ்ஸை வைத்து, ஈயக் கட்டி கட்டிய கயிற்றால் பத்து மீட்டருக்கு ஒருமுறை ஆழம் பார்த்துக் குறித்துக்கொண்டு இங்கே போடுகிறேன்.


பதில் 7: ஓதக்கணக்கு

ஆழத்தோடு அளந்த மணியையும் எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த மணிக்கான ஏற்ற உயரத்தைக் கழித்தால்தான் மற்ற நாளுக்குப் பயன்படும். தென்மேற்குப் பருவம் முடிந்து செப்டம்பர் கடைசியில் இன்னொருமுறை அளக்க வேண்டும். திட்டு அதே இடத்தில் இருக்காது.